நட்சத்திரத்துக்குப் பின் ஒரு கேள்விக்குறி

ஜூன் 3, செவ்வாய்

பாக்கியம் இன்று வேலைக்கு வரவில்லை. பாத்திரங்களை நானே தேய்த்தேன். அவள் தேய்ப்பதைவிடச் சுத்தமாகவே இருக்கின்றன.

ஐம்பது வருடமாக ஆங்கிலத்தில்தான் நாட்குறிப்பு எழுதி வந்தேன். கான்வென்டில் அப்படிப் பழக்கியிருந்தார்கள். இவர் போன பிறகு தமிழில் எழுதுகிறேன். காரணம் எதுவும் இல்லை.

சாயங்காலம் மகள் ஜெனோவா மஸ்கட்டிலிருந்து பேசினாள். அப்பாவின் முதலாண்டு நினைவுத் திருப்பலி ஜூலை நான்காம் தேதி, பங்குச் சாமியாரிடம் சொல்லி வைத்துவிட்டேன், டிக்கெட் போட்டுவிடு என்றேன். வரப்போவதில்லை என்றாள். ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை. ஒரு வருடமாக அவள் சொல்லாமல் வைத்திருந்ததை இன்று சொல்லிவிட்டாள்.

அவர் வீட்டில், தன் கட்டிலில் படுத்துக் கண்ணை மூடியிருக்க வேண்டியவராம். தீவிர சிகிச்சைப் பிரிவில், குழாய்களுக்கு நடுவில், பேசுகிற டேப்லட்டைக்கூட உள்ளே விடாத இடத்தில் ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் போனாராம். அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது நானாம்.

போகலாம் என்று அவர்தான் டாக்டர் முன்னால் சொன்னார் என்றேன்.

"அப்பா சொன்னாரா, நீங்க சொல்ல வச்சீங்களா? இந்த வீட்டுல உங்களைக் கேட்காம யாரு என்ன சொல்லியிருக்கா?"

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அன்னைக்கு வீடியோல நான் என்ன சொன்னேன்? நான் வர்ற வரைக்கும் இருங்கப்பான்னு சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொல்லலை. அவரே சொன்னார்னா காட்டுங்கம்மா. அந்த மெஷின்ல இருக்குமில்ல? காட்டுங்க, வந்து உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறேன்."

காட்டுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இரண்டு இட்லி. சட்னி இல்லை.

ஜூன் 5, வியாழன்

டேப்லட்டை அலமாரியிலிருந்து எடுத்துச் சார்ஜில் போட்டேன். உயிர் வர வெகுநேரம் ஆனது.

இவருக்கு வந்த நரம்பு நோய் முதலில் நாக்கைத்தான் பிடித்தது. மூளை கடைசி வரை தெளிவாக இருந்தது. வலது கை விரல்களும் ஓரளவு ஓடின. சவரிராயன் என்ற மனிதர், கல்லூரியில் வேதியியல் நடத்தியவர், அதன் பிறகு தட்டச்சு செய்துதான் பேசினார். எழுதியதும் 'பேசு' என்ற பொத்தானை அழுத்தினால் செயலி ஓர் ஆண் குரலில் அதை வாசிக்கும். அது அவருடைய குரல் அல்ல.

எழுத்துப் பிழை இருந்தால் அந்தக் குரல் கண்டபடி வாசிக்கும். ஆகையால் ஒரு விதி வைத்திருந்தேன். பாதி வாக்கியமாகப் பேசவிடக் கூடாது. எழுதி, சரிபார்த்து, முற்றுப்புள்ளி வைத்த பிறகுதான் 'பேசு'. நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்ப்பேன். பிழை இருந்தால் சொல்வேன், அவர் அழித்துவிட்டு மறுபடி எழுதுவார். ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை. கான்வென்டில் மதர் பெனடிக்டா எங்களைப் படுத்திய பாட்டோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

செயலிக்குள் எல்லாமே ஒரு கோப்பாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. அதை எடுத்து மடிக்கணினியில் போட்டுவிட்டேன். திறந்தால் சுவர் மாதிரி இருக்கிறது. முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை ஒரே வரி, எங்கும் பத்தி இல்லை. நடுநடுவே குறிகள். பேசிய வாக்கியம் ஒவ்வொன்றும் <பேச்சு> என்ற குறியில் தொடங்கி </பேச்சு> என்ற குறியில் முடிகிறது. வேறு குறிகளும் இருக்கின்றன. அவை எனக்குத் தேவையில்லை.

பேச்சை மட்டும் பிரித்தெடுத்துத் தேதி வாரியாக அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை.

ஜூன் 8, ஞாயிறு

பெந்தகோஸ்து திருநாள். கோயிலில் கூட்டம். மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைத்தது.

ஜூன் 10, செவ்வாய்

நான் அலுவலகத்தில் கணினிப் பிரிவுக்குத் தலைவியாக இருந்து ஓய்வு பெற்றவள். துளையிட்ட அட்டை காலத்திலிருந்து வேலை பார்த்தவள். ஆனால் கோப்பிலிருந்து வேண்டிய துண்டை மட்டும் தேடிப் பிடிக்கும் இந்தத் தேடல் வடிவங்கள் எங்கள் காலத்தில் கிடையாது. இணையத்தில் இரண்டு பாடங்கள் படித்தேன். கடினமில்லை. புள்ளி என்றால் ஏதாவது ஓர் எழுத்து. நட்சத்திரம் என்றால் அது எத்தனை முறை வேண்டுமானாலும். ஆகவே:

<பேச்சு>.*</பேச்சு>

தொடக்கக் குறி, இடையில் எது இருந்தாலும் சரி, முடிவுக் குறி. நாலு வரி பைத்தான் நிரலில் இதை வைத்து ஓட்டினேன். எத்தனை வாக்கியம் கிடைத்தது என்று கேட்டதற்கு ஒன்று என்றது.

வருடக்கணக்காகப் பேசிய மனிதர் ஒரே ஒரு தடவை பேசியிருக்கிறார் என்கிறது.

மூன்று முறை ஓட்டினேன். ஒன்று. வேறு வழியில்லாமல் நிரலையும் வந்த விடையையும் கஸ்தூரிக்கு அனுப்பினேன். எனக்குக் கீழே வேலை பார்த்தவள். ஓய்வுக்குப் பிறகு பொழுது போகவில்லை என்று இதையெல்லாம் கற்றுக்கொண்டாள். அவளிடம் கேட்க வேண்டி வந்தது.

விடையை நான் படிக்கவில்லை. தவறான விடையைப் படிப்பது வீண் வேலை.

ஜூன் 11, புதன்

காலையிலேயே கஸ்தூரி கூப்பிட்டாள்.

"என்ன மேடம், அந்தக் காலத்துல ஒரு புள்ளி தப்பா வந்தா என்னைய நிக்க வச்சுக் கேப்பீங்க. இப்ப ஒரு கேள்விக்குறியை விட்டுட்டீங்களே."

மேடம் என்பது கேலி. நாங்கள் வா போ என்று பேசிக்கொள்கிறவர்கள். விஷயத்துக்கு வா என்றேன்.

நட்சத்திரம் பேராசை பிடித்தது என்றாள். வழக்கில் சொல்லும் பெயரே அதுதானாம். பந்தியில் உட்கார வைத்தால் தன் இலையோடு நிறுத்தாது, கடைசி இலை வரைக்கும் தின்றுகொண்டே போகும். அப்புறம், முடிவுக் குறி ஒன்று வேண்டுமே என்று பின்னாலிருந்து திரும்பி வரும். கடைசியில் இருக்கும் குறி கையில் அகப்பட்டதும் அங்கேயே நின்றுவிடும். என் கோப்பு முழுவதும் ஒரே வரி. ஆகையால் அவர் பேசிய முதல் வாக்கியத்தில் பிடித்தது, கடைசி வாக்கியத்தில்தான் விட்டிருக்கிறது. இடையில் இருந்த மற்றவை அத்தனையும் அதற்குள் வந்துவிட்டன. நட்சத்திரத்துக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போட்டால் போதும், எதிர்ப்படும் முதல் முடிவுக் குறியிலேயே நின்றுகொள்ளும்.

"அதுக்குப் பேரு சோம்பேறிப் பொருத்தம்" என்று சிரித்தாள்.

நிற்க வேண்டிய இடத்தில் நிற்பது சோம்பேறித்தனம் இல்லை என்றேன்.

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு, இவரைப் போலவே என் பெயரைச் சுருக்கி, "இம்மா, அந்த விடையை நீ படிச்சியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "படி" என்றாள். "இப்பவே படி. நான் அப்புறம் பேசறேன்."

ஜூன் 12, வியாழன்

மோட்டார் ரிப்பேர். ஆள் வந்து பார்த்துவிட்டு நாளைக்கு என்று சொல்லிப் போனான். பாக்கியம் அடுத்த வீட்டிலிருந்து இரண்டு குடம் கொண்டுவந்தாள்.

ஜூன் 13, வெள்ளி

மோட்டார் சரியாகிவிட்டது.

கோப்பில் இருக்கும் இன்னொரு குறி <அழிப்பு>. அவர் எழுதி, பேசாமல் அழித்தவை. அழித்தது அழிந்து போயிருக்கும் என்று நினைத்திருந்தேன். செயலி அதையும் வைத்திருந்திருக்கிறது.

பெரும்பாலும் பிழைகள். ஒரு எழுத்து, அரை வார்த்தை. நான் பின்னாலிருந்து திருத்தச் சொன்னவை. வேறு சிலவும் உண்டு. "வலி தாங்க" என்பது பல இடங்களில் வருகிறது. எல்லா இடத்திலும் அடுத்து வருவது <பேச்சு>பரவாயில்லை.</பேச்சு>. ஓரிடத்தில் "இம்மா, நின்றது போதும், கொஞ்சம் உட்கா" என்று இருக்கிறது. அதையடுத்து அவர் பேசியது மாத்திரை வேண்டும் என்பது.

டாக்டர் வந்த அந்தச் சாயங்காலம் கோப்பின் கடைசியில் இருக்கிறது. டாக்டர் இரண்டு வழியும் சொன்னார். வீட்டிலேயே வைத்து வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம். அல்லது ஆஸ்பத்திரியில் சுவாச இயந்திரம், சில நாள் கூடுதலாகக் கிடைக்கலாம். அவரையே கேளுங்கள் என்று சொல்லிவிட்டுப் பழைய ரிப்போர்ட்டுகளை எடுக்க நான் முன்னறைக்குப் போனேன். ஜெனோவா வீடியோவில் இருந்தாள். போனை அவர் முகம் மட்டும் தெரியும்படி தண்ணீர்க் கூஜாவில் சாய்த்து வைத்திருந்தேன். அழுதுகொண்டிருந்தாள். நான் திரும்பி வந்தபோது செயலியின் குரல் போகலாம் என்றது. அவர் சொன்னால் சரி என்று பெட்டியில் துணி எடுத்து வைத்தேன். காலையில் அவர் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டிருந்தேன், அதை மடித்தேன்.

வரி பிரித்து எழுதினால் இப்படி இருக்கிறது:

<அழிப்பு>வீட்டிலேயே இருந்துவிடுகி</அழிப்பு>
<அழிப்பு>இம்மா புது விரிப்புப் போட்டிருக்கிறாள். அவளுக்கும் இங்கேதான்</அழிப்பு>
<அழிப்பு>ஜெனோ தான் வரும்வரை இருக்கச் சொல்கிறாள். இங்கே இருந்தால் அதுவரை தாங்காது. அவளுக்காகப் போ</அழிப்பு>
<பேச்சு>போகலாம்.</பேச்சு>

நகல் எடுத்து எழுதியிருக்கிறேன். ஒரு முறை சரிபார்த்தேன். பிழை இல்லை.

வடிவம் தவறாகக் கொடுத்ததால் வந்த விடை இது.

ஜூன் 14, சனி

கேள்விக்குறி போட்டேன்.

<பேச்சு>.*?</பேச்சு>

ஒழுங்காக வந்தது. ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியாக, வரிசையாக. பசிக்கவில்லை. ஜன்னலைத் திற. பேப்பர் வந்ததா. நன்றாகத் தூங்கினேன். பரவாயில்லை. பரவாயில்லை. கடைசியில், போகலாம்.

மதியம் கஸ்தூரி நேரிலேயே வந்துவிட்டாள். பையில் மாம்பழம். நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எதை அனுப்பப் போற?"

இதை என்று திரையைக் காட்டினேன். படித்துப் பார்த்தாள்.

"இதுல என்னடி இருக்கு? போகலாம்னு ஒரு வார்த்தை. நீ சொல்ல வச்சேன்னுதானே அவ சொல்றா? இதைப் பாத்தாலும் அதையேதான் சொல்லுவா. முதல்ல வந்தது இருக்கே, அதை அனுப்பு."

"அது தப்பான விடை."

"தப்பா? அதுலதான்டி எல்லாம் இருக்கு. நீயும் வீட்டுலதான் வச்சுக்கப் பாத்தேங்கறது இருக்கு. யாருக்காக அவர் போனார்ங்கறது இருக்கு. ஒரு வருஷமா பெத்த பொண்ணுகிட்டக் கெட்ட பேரு வாங்கிட்டு உக்காந்திருக்கியே. ஒரு தட்டு தட்டினா முடிஞ்சுது."

கேட்கப்பட்டது அவர் என்ன பேசினார் என்பது; அழித்தது பேச்சில் சேராது என்றேன்.

கஸ்தூரி என்னைப் பார்த்தாள். "அவ இருங்கப்பான்னு சொன்னா. அதனாலதான் அவர் போனார். அது அவளுக்குத் தெரியக் கூடாதுங்கற. அப்படித்தானே?"

மாம்பழத்தை அரிசிக்குள் வைக்கட்டுமா, அப்படியே சாப்பிடலாமா என்று கேட்டேன். பழுத்ததுதான், சாப்பிடலாம் என்றாள். நறுக்கி வைத்தேன். அவள் தொடவில்லை.

போகும்போது அவளிடம் உள்ள நகலை அழித்துவிடச் சொன்னேன். "உனக்கு ரொம்பத்தான் திமிரு" என்றாள். சாயங்காலம் அழித்துவிட்டதாகச் செய்தி வந்தது.

ஜூன் 16, திங்கள்

அனுப்பினேன். தலைப்பு, தேதிகள், பக்க எண் எல்லாம் சரியாகப் போட்டு.

ஜூன் 18, புதன்

ஜெனோவா பேசினாள். முழுவதையும் படித்துவிட்டதாகச் சொன்னாள். அப்பா இவ்வளவு கொஞ்சமாகவா பேசினார் என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வலிக்கிறது என்று ஒரு இடத்தில்கூட இல்லையே என்றாள். அதற்கும் ஆமாம் என்றேன்.

பிறகு அந்தக் கடைசி வாக்கியத்துக்கு வந்தாள்.

"போகலாம். அவ்வளவுதான். ஏன் எதுக்குன்னு ஒண்ணும் இல்லை. அப்பா எதுக்கும் காரணம் சொல்லாம இருக்க மாட்டார். நீங்க பின்னாடி நின்னீங்க, நீங்க சொன்னதை எழுதியிருக்கார். உண்மையைச் சொல்லுங்கம்மா."

பாக்கியம் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் நிற்கும்வரை காத்திருந்தேன்.

"ஆமா" என்றேன். "நான்தான் போகச் சொன்னேன்."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றாள். "எனக்கு அப்பவே தெரியும்." பிறகு வெகுநேரம் அழுதாள். அடக்கத்தன்றுகூட அவள் இப்படி அழவில்லை. நான் போனைக் காதில் வைத்துக்கொண்டே இருந்தேன். காது சுட்டது.

ஜூன் 20, வெள்ளி

டேப்லட்டில் இருந்த கோப்பை அழித்தேன். மடிக்கணினியில் இருந்த மூலத்தையும், முதல் விடையையும், குப்பைத் தொட்டியில் கிடந்ததையும் அழித்தேன். அதற்கு முன்னால் முழுவதையும் ஒருமுறை படித்தேன். மதியச் சமையல் இல்லை. பேசியவை மட்டும் இருக்கின்றன.

"இம்மா" என்று தொடங்குபவை பல இருந்தன. எல்லாமே அழித்தவை.

பதின்மூன்றாம் தேதி இங்கே எழுதிய பக்கம் ஒன்று பாக்கி இருக்கிறது. இந்த நோட்டை என் துணிகளுக்கு அடியில் வைக்கிறேன். எனக்குப் பிறகு இதைப் படிக்காமல் எரித்துவிட வேண்டும் என்று கஸ்தூரியிடம் சொல்லியாகிவிட்டது.

ஜூன் 25, புதன்

திரைச்சீலைகளைத் துவைத்தோம். ஜெனோவா டிக்கெட் போட்டுவிட்டதாகச் செய்தி அனுப்பியிருக்கிறாள். வேறு எதுவும் எழுதவில்லை.

ஜூலை 3, வியாழன்

விமானம் தாமதம். மூன்று மணிக்குத்தான் வந்து சேர்ந்தாள். தலையில் ஓரமாக நரை தெரிகிறது, சாயம் போடுவதில்லை போலிருக்கிறது. அவள் அறையில் புதுப் போர்வை வைத்திருந்தேன். நன்றி என்றாள்.

டேப்லட்டை எடுத்துப் பார்த்தாள். 'பேசு' பொத்தானைத் தடவினாள். இதை நான் கொண்டு போகட்டுமா என்றாள். கொண்டு போ என்றேன்.

ஜூலை 4, வெள்ளி

காலை ஆறு மணித் திருப்பலி. சாமியார் இவர் பெயரைச் சரியாக உச்சரித்தார். போன மாதம் வேறு யாருடைய பெயரையோ குளறியிருந்தார், அதனால் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தேன்.

பிறகு கல்லறைக்குப் போனோம். ஜெனோவா, நான், கஸ்தூரி. கஸ்தூரி வேறு மதம் என்றாலும் இவருக்காக எப்போதும் வருகிறவள். பூ வைத்தோம். காற்று இருந்ததால் மெழுகுவர்த்தி நிற்கவில்லை. ஜெனோவா கையை வளைத்து மறைத்துக்கொண்டு மூன்றாம் முறை பற்றவைத்தாள்.

எழுந்ததும் என் கையைப் பிடித்தாள். அவள் கை வியர்த்திருந்தது.

"அம்மா, நேத்து ராத்திரி பூரா யோசிச்சேன். நீங்க அவர் நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பீங்க. உங்களை நான் மன்னிச்சுட்டேன். இனிமே என் மனசுல ஒண்ணும் இல்லை."

கஸ்தூரி வாயைத் திறந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் அடுத்த கல்லறையில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க ஆரம்பித்தாள்.

"சந்தோஷம்மா" என்றேன் ஜெனோவாவிடம்.

வீடு வந்து சேர்ந்ததும் பசிக்கிறது என்றாள். போன வருடம் அடக்கத்துக்கு வந்திருந்தபோது இந்த வீட்டில் அவள் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. பாக்கியம் மீன் குழம்பு வைத்திருந்தாள். கொஞ்சம் உப்புக் கூடுதல். ஜெனோவா இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வந்து அப்பாவின் கட்டிலில் படுத்தாள். ஐந்து மணி ஆகிறது. இன்னும் தூங்குகிறாள். எழுப்பவில்லை.